இரைப்பையில் ஒன்று, சிறுநீரகத்தில் ஒன்று: இரண்டு புற்றுநோய் ஒரே சமயத்தில் தெரியவரும்போது குடும்பத்தார் கேட்கும் கேள்விகள்

புற்றுநோய் அறுவைப் பிரிவில் பல வருடங்களாகச் செவிலியராக இருக்கிறேன். டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துக் கிளம்பியதும் வராண்டாவில் குடும்பத்தார் என்னிடம் கேட்பவைதான் இந்தக் கேள்விகள். இரைப்பையிலும் சிறுநீரகத்திலும் தனித்தனியாக, ஒரே சமயத்தில் புற்று வருவது அபூர்வம். அபூர்வம் என்பதாலேயே பக்கத்து வீட்டிலோ சொந்தத்திலோ அனுபவப்பட்டவர் யாரும் கிடைப்பதில்லை. டாக்டரிடம் பேசப் போகும் முன் இதை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். என்ன கேட்க வேண்டும் என்பதாவது பிடிபடும்.

இரைப்பைப் புற்று என்றார்கள். ஸ்கேனில் கிட்னியிலும் கட்டி என்று வந்திருக்கிறது. பரவிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது.

அறுபதைத் தாண்டிய ஒரு விவசாயி. பசியில்லை, மலம் கறுப்பாகப் போகிறது என்று எண்டோஸ்கோபி பார்த்ததில் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புண். பயாப்ஸியில் புற்று என்று வந்தது. அடுத்து எடுத்த சி.டி. ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் ஒரு கட்டி. வேறோர் இடத்தில் ரிப்போர்ட்டை மேலோட்டமாகப் பார்த்த யாரோ, “கிட்னிக்கும் போயாச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் கேட்டதைச் செஞ்சு போடுங்க” என்று சொல்லிவிட்டார்கள். குடும்பமும் அப்படியே செய்தது. இரண்டரை மாதம் கழித்து எங்களிடம் வந்தபோது மகன் கேட்டார்: “சிஸ்டர், நேராச் சொல்லுங்க. அப்பாவுக்கு உடம்பு பூரா பரவிடுச்சுல்ல?”

பரவவில்லை. அவை இரண்டு வெவ்வேறு புற்றுகள். இரண்டையும் அறுத்தெடுக்க முடிந்தது. ஆனால் அந்த இரண்டரை மாதத்தில் அவர் 11 கிலோ இளைத்திருந்தார். கத்தி வைப்பதற்கு முன் மூன்று வாரம் குழாய் வழியாகச் சத்துணவு கொடுத்துத் தேற்ற வேண்டியிருந்தது.

இரைப்பைப் புற்று பரவும்போது நிணநீர் முடிச்சுகள், கல்லீரல், வயிற்றின் உள்சவ்வு, நுரையீரல், பெண்களுக்குச் சினைப்பை என்றுதான் வழக்கமாகப் போகும். மற்ற எந்த இடத்திலும் எதுவும் இல்லாமல் ஒரு பக்கச் சிறுநீரகத்தில் மட்டும் தனிக்கட்டியாகப் போய் உட்காருவது மிகவும் அரிது. ஸ்கேனுக்காக ஏற்றும் மருந்தை உறிஞ்சிப் பளிச்சென்று தெரியும் தனிக்கட்டி என்றால், அது சிறுநீரகத்திலேயே தோன்றியதாக இருக்கும் வாய்ப்புதான் அதிகம். கட்டியே புற்றாக இல்லாமலும் போகலாம். 4 செ.மீ.க்கு உட்பட்ட சிறுநீரகக் கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று சாதாரணக் கட்டி.

மறுபக்கமும் உண்டு. சிறுநீரகப் புற்றுக்காக ஆபரேஷன் செய்து பல வருடங்கள் கழித்து அதே புற்று இரைப்பையில் தலைகாட்டுவது அரிதாக நடக்கும். பத்து வருடத்துக்கு முன் கிட்னி எடுத்திருந்தால் அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். “அது பழைய கதை” என்று விட்டுவிடாதீர்கள்.

இரண்டும் தனித்தனிப் புற்று என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

1932-இல் வாரன், கேட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த விதிகளையே இன்றும் பின்பற்றுகிறார்கள். இரண்டு கட்டிகளும் புற்றுதான் என்பது நிரூபணமாக வேண்டும், இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும், ஒன்று மற்றொன்றின் பரவலாக இருக்க முடியாது என்பது தெளிவாக வேண்டும். அவர்களுக்கும் முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஒரே ஆளுக்குப் பல புற்று வரலாம் என்று எழுதியவர் வியன்னாவின் தியோடோர் பில்ரோத். 1881-இல் இரைப்பைப் புற்றை வெற்றிகரமாக வெட்டியெடுத்த முதல் அறுவை நிபுணரும் அவரே. உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘பில்ரோத் 2’ (இரைப்பையின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சிறுகுடலோடு இணைக்கும் முறை) என்று எழுதியிருந்தால் அது அவர் பெயர்தான்.

விதி சரி, நடைமுறையில் எப்படி? மேலே சொன்ன விவசாயிக்கு ஆபரேஷன் நடந்த அன்று தியேட்டரிலிருந்து இரண்டு ஃபார்மலின் டப்பாக்கள் வெளியே வந்தன. ஒன்றில் இரைப்பை: உள்பக்கம் வெள்ளையும் சாம்பலுமாகத் தடித்த விளிம்பு, நடுவில் குழி. மற்றொன்றில் சிறுநீரகம். திசுக்களைப் பரிசோதிக்கும் பேத்தாலஜி பிரிவில் அதைப் பிளந்தபோது கட்டி வேகவைத்த முட்டையின் கரு போல மஞ்சளாக இருந்தது, அங்கங்கே ரத்தத் திட்டுகள். சிறுநீரகப் புற்றின் செல்களுக்குள் கொழுப்பு நிறைந்திருப்பதால் அந்த நிறம். ஸ்லைடு தயாரிக்கும்போது அந்தக் கொழுப்பு கரைந்துபோக, நுண்ணோக்கியில் செல்கள் வெறும் கூடு போலத் தெரியும். ‘கிளியர் செல்’ என்ற பெயர் வந்தது அதனால்தான். சிறுநீரகப் புற்றில் நான்கில் மூன்று பங்கு இந்த வகை. இரைப்பைப் புற்றோ பெரும்பாலும் சுரப்பி செல்களில் தோன்றும் அடினோகார்சினோமா. இரண்டு ஸ்லைடையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அனுபவமுள்ள பேத்தாலஜிஸ்டுக்குக் குழப்பம் வருவது குறைவு. வந்தாலும் ஐ.எச்.சி. என்ற சாயப் பரிசோதனை இருக்கிறது. பாக்ஸ்8 என்ற புரதம் சிறுநீரகப் புற்றில் சாயம் ஏறும், இரைப்பைப் புற்றில் பொதுவாக ஏறாது. ஐ.எச்.சி. ரிப்போர்ட் வர இன்னும் சில நாள் ஆகும் என்றால் பதறாதீர்கள். காத்திருக்க வேண்டிய ரிப்போர்ட் அது.

இரண்டு புற்றுகளும் 6 மாதத்துக்குள் தெரியவந்தால் ‘ஒரே சமயத்தவை’ என்றும், அதற்குப் பிந்தினால் ‘அடுத்தடுத்தவை’ என்றும் பொதுவாகப் பிரிக்கிறார்கள். புற்றுநோயாளிகளில் 100-க்கு 2 முதல் 17 பேருக்கு வாழ்நாளில் இன்னொரு தனிப் புற்று வருவதாக வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன. இரைப்பையோடு ஜோடி சேர்வது பெரும்பாலும் பெருங்குடல்தான். சிறுநீரகம் அதைவிடக் குறைவு.

சிறுநீரகக் கட்டியில் ஏன் பயாப்ஸி எடுக்கவில்லை? எடுத்தால் பரவிவிடும் என்கிறார்களே?

சிறுநீரகக் கட்டியைப் பொறுத்தவரை ஸ்கேனே பெரும்பாலும் போதுமான அளவு சொல்லிவிடும். எப்படியும் ஆபரேஷன்தான் என்றால் ஊசி பயாப்ஸி தேவைப்படாது. ஆனால் உடம்பில் இன்னொரு புற்று இருக்கும்போது கணக்கு மாறும். இது பரவலா, தனிப் புற்றா என்ற சந்தேகம் ஸ்கேனில் தீராவிட்டால் பயாப்ஸி எடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் சிகிச்சையே தலைகீழாக மாறிவிடும். இப்போது எடுக்கும் முறையில் ஊசிப் பாதை வழியாகப் புற்று பரவுவது மிக மிக அரிது. அந்தப் பயத்துக்காக மறுக்காதீர்கள்.

இரைப்பை ஸ்டேஜ் 2, கிட்னி ஸ்டேஜ் 1 என்கிறார்கள். சேர்த்தால் ஸ்டேஜ் 3 ஆ?

இல்லை. ஒவ்வொரு புற்றுக்கும் அதனதன் ஸ்டேஜ். இங்கே கூட்டல் கிடையாது. அந்தந்த உறுப்பைத் தாண்டாத இரண்டு புற்று இருப்பவரின் நிலைமை, ஒரே புற்று நாலு இடத்தில் பரவியவரின் நிலைமையைவிடப் பல மடங்கு நல்லது. அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, சிறுநீரகத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும் புற்றுக்கு 5 ஆண்டு உயிர்வாழும் வாய்ப்பு 100-க்கு 90-க்கு மேல். 7 செ.மீ. வரை இருந்து சிறுநீரகத்தைத் தாண்டாவிட்டால் அது ஸ்டேஜ் 1. ஆகவே பெரும்பாலானவர்களுக்கு எதிர்காலத்தைத் தீர்மானிப்பது இரைப்பைதான்: சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எத்தனை நிணநீர் முடிச்சில் இருக்கிறது என்பது. பேத்தாலஜி ரிப்போர்ட்டில் குறைந்தது 16 முடிச்சுகளையாவது எடுத்துப் பார்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதற்குக் குறைந்தால் ஸ்டேஜ் கணிப்பு உறுதியாக இருக்காது.

ஏன் வந்தது? பிள்ளைகளுக்கும் வருமா?

பெரும்பாலானவர்களுக்கு இரண்டையும் இணைக்கும் ஒரே காரணம் என்று எதையும் கைகாட்ட முடியாது. வயதும் புகையிலையும் இரண்டுக்கும் பொது. இரைப்பைக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி முக்கியக் காரணம். அதைக் கண்டுபிடித்த மார்ஷல், வாரன் இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது (1932-இன் வாரன் வேறு). உப்பில் ஊறிய உணவுகளும் இரைப்பையைப் பாதிக்கும். சிறுநீரகத்துக்கு உடல் பருமன், ரத்த அழுத்தம், நெடுங்கால டயாலிசிஸ்.

இன்னொரு காரணமும் உண்டு, அதை நான் நல்ல செய்தியாகவே பார்க்கிறேன். சிறுநீரகப் புற்றில் பாதிக்கு மேல் வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியவருகிறது. இரைப்பைக்காக ஸ்கேன் எடுக்காமல் இருந்திருந்தால் அது வளர்ந்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

பரம்பரை விஷயத்தில், 50 வயதுக்குள் வந்திருந்தாலோ ரத்த சொந்தத்தில் இரண்டு மூன்று பேருக்குப் புற்று இருந்தாலோ மரபணு ஆலோசனை கேளுங்கள். லிஞ்ச் என்ற பரம்பரைக் கோளாறு இரைப்பை, பெருங்குடல், கருப்பை ஆகியவற்றோடு சிறுநீரகத்தின் உள்பையையும் தாக்கும். சிறுநீரகத்தின் சதையில் வரும் வழக்கமான புற்றுக்கும் அதற்கும் வித்தியாசம் உண்டு. இளவயதில் இரைப்பையில் ‘ஜிஸ்ட்’ என்ற வேறு வகைக் கட்டி வந்தால் எஸ்.டி.எச். மரபணுக்களைப் பார்க்கச் சொல்வார்கள். அவற்றின் கோளாறு சிறுநீரகப் புற்றையும் கொண்டுவரக்கூடும். வயதான காலத்தில் குடும்ப வரலாறு எதுவுமின்றி வந்திருந்தால் பிள்ளைகள் பயந்து எல்லா டெஸ்டும் எடுக்க வேண்டியதில்லை.

எதை முதலில் ஆபரேஷன் செய்வார்கள்? இரண்டும் ஒரே நாளிலா?

இதை ஒரு டாக்டர் தனியாக முடிவு செய்யக்கூடாது. இரைப்பை அறுவை நிபுணர், சிறுநீரக அறுவை செய்யும் யூராலஜிஸ்ட், கீமோ டாக்டர், மயக்க டாக்டர், ரேடியாலஜிஸ்ட், பேத்தாலஜிஸ்ட் எல்லோரும் உட்கார்ந்து பேசும் கூட்டத்துக்கு ‘டியூமர் போர்டு’ என்று பெயர். “சார், இந்தக் கேஸை டியூமர் போர்டில் வைத்தீர்களா?” என்று தயங்காமல் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பொதுவாக இரைப்பைதான் வேகத்தை நிர்ணயிக்கும். ரத்தம் கசியும், வழி அடைபடும், சாப்பாடு இறங்காது. சிறிய சிறுநீரகக் கட்டிகள் சராசரியாக வருடத்துக்கு 3 மில்லிமீட்டர் போலத்தான் வளர்கின்றன, அதனால் அவை கொஞ்சம் பொறுக்கும். இரைப்பைப் புற்று சுவருக்குள் ஆழமாகப் போயிருந்தால் பெரும்பாலும் முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன், பிறகு மீதிக் கீமோ. அந்தக் கீமோ நடக்கும் மாதங்களில் சிறுநீரகக் கட்டியை ஸ்கேனில் கண்காணித்துவிட்டு, ஆபரேஷன் அன்று இரண்டையும் சேர்த்து எடுப்பது ஒரு வழி. உடம்பு தாங்காது என்றால் இரண்டு தவணையாகச் செய்வார்கள். வயதானவருக்கு மிகச் சிறிய கட்டி என்றால் சிறுநீரகத்தைத் தொடாமலே கண்காணிப்பது, அல்லது ஊசி வழியாகச் சுட்டோ உறைய வைத்தோ அழிப்பது என்றும் வழிகள் உண்டு.

இடது சிறுநீரகம் இரைப்பைக்குப் பின்னாலேயே, மண்ணீரலுக்கும் கணையத்தின் வாலுக்கும் அருகே இருக்கிறது. அதனால் இடது பக்கம் என்றால் பெரும்பாலும் ஒரே வெட்டில் இரண்டையும் எட்டலாம். ஒரே மயக்கம், ஒரே முறை ஆஸ்பத்திரி வாசம் என்பது குடும்பத்துக்கு எவ்வளவு நிம்மதி என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்காக டாக்டரை நெருக்காதீர்கள். ஆபரேஷன் நேரம் கூடும், ரத்த இழப்பு கூடும். இதயமும் நுரையீரலும் தாங்குமா என்று மயக்க டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

ஒரு சிறுநீரகத்தோடு வாழ முடியுமா?

முடியும், மற்றது நன்றாக இருந்தால். ஆனால் முழுச் சிறுநீரகத்தையும் எடுக்காமல் கட்டியை மட்டும் வெட்டியெடுக்க முடியுமா என்று கண்டிப்பாகக் கேளுங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில். ஆபரேஷனுக்கு முன் டி.டி.பி.ஏ. ஸ்கேன் எடுத்தால் எந்தச் சிறுநீரகம் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று தெரியும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு இது மிகவும் முக்கியம்.

ஒரே கீமோ இரண்டு புற்றையும் குணப்படுத்துமா?

இல்லை. இரைப்பைக்குக் கொடுக்கும் கீமோ மருந்துகளுக்கு வழக்கமான சிறுநீரகப் புற்று அசையாது. அது வேறு வகை மருந்துகளுக்குக் கட்டுப்படும். அவற்றில் சில ரத்த அழுத்தத்தை ஏற்றும், புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும், அதனால் ஆபரேஷனையொட்டிக் கொடுக்க மாட்டார்கள். ஆரம்ப நிலைச் சிறுநீரகப் புற்றுக்கு ஆபரேஷனோடு சரி, பெரும்பாலும் மருந்தே வேண்டியதில்லை.

ஆனால் இரைப்பை கீமோவுக்குச் சிறுநீரகம் வேண்டும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து சிறுநீரகத்தை நேரடியாகப் பாதிக்கும். அதன் தம்பி போன்ற ஆக்ஸாலிபிளாட்டின் அவ்வளவு பாதிப்பதில்லை, அதனால் ஒற்றைச் சிறுநீரகக்காரருக்கு அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். கேப்சைட்டபின் என்ற கீமோ மாத்திரையின் அளவைச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். திறன் நிமிடத்துக்கு 30 மி.லி.க்குக் கீழே போனால் அந்த மாத்திரையே கூடாது. கட்டியை மட்டும் எடுக்க முடியுமா என்று கேட்கச் சொன்னதன் காரணம் இதுதான்: காப்பாற்றி வைத்த சிறுநீரகச் சதை, பின்னால் இரைப்பைக்கான மருந்தை முழு அளவில் கொடுக்க உதவும். ஒவ்வொரு கீமோவுக்கும் முன் கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) எவ்வளவு என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்துகள் இரண்டு புற்றுக்கும் பயன்படுவது உண்மை. முற்றிய நிலையில் இரண்டும் இருப்பவருக்கு டாக்டர் அந்த வழியை யோசிக்கக்கூடும். விலை அதிகம். எல்லோருக்கும் வேலை செய்வதில்லை. இரைப்பைத் திசுவில், எந்த மருந்து பலன் தரக்கூடும் என்று காட்டும் எம்.எஸ்.ஐ., பி.டி.எல்.1, ஹெர்2 பரிசோதனைகளைச் செய்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கூடவே நாட்டு மருந்து கொடுக்கலாமா? வலிக்கு?

வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றை மெடிக்கலில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். இரைப்பையில் ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தையும் அடிக்கும். இந்த நோயாளிக்கு அதைவிடப் பொருந்தாத மாத்திரை இல்லை.

நாட்டு மருந்தில் நம்பிக்கை உள்ளவர்களை நான் புண்படுத்துவதில்லை. ஆனால் என்ன மூலிகை என்று தெரியாத சூரணம் வேண்டாம். நம் பக்கம் வயல்வரப்பில் கிடக்கும் ஆடுதின்னாப்பாளை அரிஸ்டோலோகியா இனத்தைச் சேர்ந்தது. அந்த இனத்திலுள்ள அமிலம் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும், சிறுநீர்ப் பாதையில் புற்றையும் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதிப்படுத்தியிருக்கிறது. ஏற்கெனவே ஏதாவது சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். திட்டுவார் என்று மறைத்து, கிரியேட்டினின் ஏன் ஏறுகிறது என்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு என்ன சாப்பிடக் கொடுப்பது?

இங்கேதான் வீட்டில் குழப்பம் வரும். இரைப்பை எடுத்தவருக்குப் புரதம் நிறைய வேண்டும் என்பார் ஒருவர். கிட்னி எடுத்தவருக்குப் பருப்பையும் முட்டையையும் குறை என்பார் இன்னொருவர். மிச்சமிருக்கும் சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால் முதல் சில மாதங்களில் உடம்பு தேறுவதுதான் முக்கியம். முட்டை, மீன், பருப்பு, தயிர் எல்லாம் கொடுங்கள். கிரியேட்டினின் ஏறியிருந்தால் மட்டும் உணவியல் நிபுணர் சொல்லும் அளவு. பத்தியம் என்று கஞ்சி மட்டும் ஊற்றி ஆளை ஒடுக்கிவிடாதீர்கள்.

மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு ஏழாகப் பிரியுங்கள். ஒரு வேளைக்கு ஒன்றரை இட்லி போதும், இரண்டு மணி நேரம் கழித்து அடுத்தது. சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். பாயாசம், ஜூஸ், குளுக்கோஸ் தண்ணீர் போன்றவை நேராகக் குடலுக்குள் கொட்டி, அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, மயக்கம், பேதியைக் கொண்டுவரும். ‘டம்பிங்’ என்பார்கள். பார்க்க வந்தவர்கள் அன்போடு நீட்டும் ஜூஸை நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

சிறுநீரகத்துக்குத் தண்ணீர் வேண்டும், இல்லாத இரைப்பையோ ஒரு டம்ளரைக்கூட ஒரே மூச்சில் தாங்காது. எங்கள் வார்டில் ஒரு அம்மா, கணவருக்கு அரை லிட்டர் பாட்டில்களை நிரப்பி, பேனாவால் ஒவ்வொன்றிலும் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதி வைப்பார். அவர் மடக்கு மடக்காக அந்தக் கோடு வரை குடித்துவிடுவார். சிறுநீரகம் கெடாமல் இருந்ததில் அந்தக் கோடுகளுக்கும் பங்குண்டு என்று நான் நம்புகிறேன்.

முழு இரைப்பையும் எடுத்திருந்தால் வைட்டமின் பி12 ஊசி ஆயுள் முழுக்க. உடம்பில் இருக்கும் சேமிப்பு சில வருடம் தாங்குவதால் ஆரம்பத்தில் குறை தெரியாது. நன்றாகத்தானே இருக்கிறார் என்று ஊசியை நிறுத்திவிட்டு, கால் மரத்துப்போன பிறகு வருபவர்கள் உண்டு.

அப்பாவிடம் இரண்டு புற்று என்று சொல்லலாமா?

சொல்லுங்கள் என்பேன். அவருக்கு முக்கால்வாசி தெரிந்திருக்கும். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிடுவார். “ரெண்டு கட்டி இருக்குப்பா, ரெண்டும் வேற வேற, ரெண்டையும் எடுத்துடலாம்னு சொல்றாங்க” என்று நீங்களே சொல்வது, அவர் அரைகுறையாகக் கேட்டுவிட்டு இரவெல்லாம் கூரையைப் பார்த்துப் படுத்திருப்பதைவிட நல்லது.

செலவுக்கு?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. இரண்டு அறுவை, கீமோ எல்லாம் ஒரே வருடத்தில் வருவதால், எதெதற்கு அனுமதி கேட்கிறார்கள், எவ்வளவு மீதமிருக்கும் என்று காப்பீட்டு கவுண்டரில் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.

வேறொரு டாக்டரிடமும் கருத்துக் கேட்க நினைக்கிறோம். என்ன எடுத்துப் போக வேண்டும்?

தாராளமாகப் போங்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. சி.டி. ஸ்கேனின் படங்கள் உள்ள சி.டி. தட்டு, எண்டோஸ்கோபி படம், பயாப்ஸியின் ஸ்லைடு, பாரஃபின் பிளாக். பிளாக் என்பது தீப்பெட்டியைவிடச் சிறிய மெழுகுக் கட்டி. அதில்தான் உங்கள் அப்பாவின் திசு இருக்கிறது, புதிய சாயப் பரிசோதனை எதுவானாலும் அதிலிருந்துதான் வெட்ட வேண்டும். ஆபரேஷன் முடிந்திருந்தால் இரைப்பைக்கு ஒன்று, சிறுநீரகத்துக்கு ஒன்று என்று இரண்டு பிளாக்காவது கேட்டு வாங்குங்கள். எழுதிக் கொடுத்தால் பேத்தாலஜி பிரிவில் தருவார்கள். வெயிலில் நிறுத்திய வண்டியில் வைத்துவிடாதீர்கள், மெழுகு உருகிவிடும்.